பச்சைப் புள்ளி

"யாருக்குடி நம்பர் குடுத்த?"

எட்டு மாதத்துக்கு முன்பு அண்ணன் கேட்ட கேள்வி அது. இன்னும் அவன் கேட்டு முடிக்கவில்லை.

அப்போது அவள் பத்தாம் வகுப்பு. போன் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் முப்பத்தேழு அழைப்புகள். எல்லாம் முன்பின் தெரியாத ஆண்குரல்கள். ஒருவன் பாடினான். ஒருவன் மூச்சு மட்டும் விட்டான்.

யாருக்கும் கொடுக்கவில்லை என்றாள். கொடுக்காமலா கூப்பிடுகிறார்கள் என்றான் அண்ணன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் போயிற்று. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமும் போயிற்று.

எட்டு மாதமாக அவள் தன்னையே தோண்டித் துருவிப் பார்த்துவிட்டாள். தோழியின் நோட்டில் எழுதிவிட்டோமா? பேருந்தில் சத்தமாகச் சொல்லிவிட்டோமா? தூக்கத்தில் உளறியிருப்போமோ என்றுகூட ஒருநாள் யோசித்தாள்.

இந்த வருடம் மறுபடி சேர்த்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் காப்பாளர் அண்ணன்தான். நாளை கடைசி நாள்.

மூன்று முறை படிவத்தை நீட்டினாள். மூன்று முறையும் ஒரே பதில்தான். அந்தப் பெயரைச் சொல், அடுத்த நிமிடம் போடுகிறேன் என்றான்.

இல்லாத ஒருவனுக்குப் பெயரை எங்கே போய்த் தேடுவாள்?

பள்ளியில் படிவத்தை இரண்டு பிரதியாகக் கேட்டிருந்தார்கள். நகலெடுக்கத் தெருமுனை ரீசார்ஜ் கடைக்குப் போனாள். அந்தப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. பெண்பிள்ளைகள் அங்கே போய் நிற்கக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு.

கடைக்காரர் படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"போன் நம்பர் எழுதலையே பாப்பா, மறந்துட்டியா?"

போன் இல்லை என்று தலையாட்டினாள். ஐயோ பாவம் என்பதுபோல் சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார்.

மேசைமேல் ஒரு நீள நோட்டு கிடந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வாயால் சொன்னால் வேறு யாருக்கோ போட்டுவிடுவார் என்பதால், வருகிறவர்கள் தங்கள் பெயரையும் நம்பரையும் தாங்களே அதில் எழுதிவிடுவது வழக்கம். சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. தினம் ஒன்றரை ஜிபி. உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்.

சும்மாதான் புரட்டினாள்.

சில நம்பர்களுக்குப் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் ஒரு புள்ளி. தையல்கார அக்காவின் நம்பருக்குப் புள்ளி. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவளின் நம்பருக்குப் புள்ளி. தச்சர் மாமாவுக்கு இல்லை. கறிக்கடைக்காரருக்கு இல்லை. தொல்லை தாங்காமல் தையல்கார அக்கா நம்பரை மாற்றினாளே, அந்தப் புது நம்பருக்கும் புள்ளி.

பின்னட்டையில் துண்டுச் சீட்டுகள் செருகியிருந்தன. புள்ளி வைத்த நம்பர்களைப் பத்துப் பத்தாகப் பெயர்த்து எழுதி, ஒவ்வொரு சீட்டின் தலையிலும் ஒரு விலை.

தேதிகளைப் பார்த்துக்கொண்டே பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். எட்டு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்.

இருந்தது. அவளுடைய நம்பர். கொழுத்த பச்சைப் புள்ளியோடு.

அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். உள்ளே நகல் எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் ஓய்வதற்குள் தாளைக் கிழித்து, ஒரு சீட்டையும் உருவி, கைக்குள் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படிவத்தைப் பார்த்ததும் சிரித்தான். என்ன, பெயர் ஞாபகம் வந்துவிட்டதா என்றான்.

வந்துவிட்டது என்று தலையசைத்தாள்.

அண்ணன் முன்னால் அவளுக்கு எளிதில் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து, விரலால் காட்டினாள். முதலில் பச்சைப் புள்ளிகளை, பிறகு விலைச் சீட்டை, கடைசியாகத் தன் நம்பரை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரன் கையை ஒடிக்காமல் விடமாட்டேன் என்று கத்திக்கொண்டே எழுந்தான்.

அம்மா குனிந்து தாளைப் பார்த்தாள். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏழுக்கு நடுவுல கோடு. இது உன் எழுத்துடா."

ஆமாம். அவளுக்கும் அவன்தான் ரீசார்ஜ் போட்டுவிட்டு வருவான். தன் நம்பரோடு கடைக்காரர் குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று, அவள் நம்பருக்குப் பக்கத்தில் பெயருக்குப் பதில் ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தான். அச்சடித்ததுபோல் தெளிவாக.

தங்கச்சி.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டினான். கடைக்குப் போவதென்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

அவன் இடப்பக்கம் திரும்பி நடந்தான்.