பிரிக்காத பெட்டி

"ஹீட்டரோட காயில் கம்பி எரிஞ்சிருச்சு. புதுசு வர ரெண்டு நாளாகும்," என்றான் ஹீட்டர் பழுதுபார்க்க வந்த தர்ஷன்.

"பரவாயில்லண்ணே. கரிச்சட்டி வச்சு, ஜன்னல் சந்துல சாக்கை அடைச்சிட்டா இந்த ஒத்த ரூம் காம்பராவே கதகதன்னு இருக்கும்," என்றாள் வினோதா, கைக்குழந்தையைப் போர்த்தியபடி.

தர்ஷன் வெளியே போய், தன் ஆட்டோவிலிருந்து பிரிக்காத ஹீட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தான்.

"எம் மகளுக்கு வாங்குனது. நீங்க வச்சுக்குங்க. கரி மட்டும் வேணாம்."

"ஐயையோ! உங்க பாப்பா குளிர்ல நடுங்குனா அண்ணி உங்களை வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க," என்று வினோதா சிரித்தாள்.

தர்ஷன் ஜன்னலடியில் கிடந்த சாக்கை எடுத்துச் சுருட்டினான்.

"இந்த ஹீட்டர் கடையில இருந்து வர்றதுக்கு முந்தின ராத்திரி, நாங்களும் கரிச்சட்டி வச்சுத்தான் படுத்தோம். பிள்ளைக்குக் குளிரக் கூடாதுன்னு, காத்து போக ஒரு சந்து விடாம சாக்கை அடைச்சவன் நான்தான். விடிஞ்சப்ப நான் மட்டும்தாம்மா எந்திரிச்சேன்."