முப்பத்தொரு குழந்தைகள், செலவு பூஜ்யம்

அரசாங்கத்தின் செலவுக் கணக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு நேராகப் பூஜ்யம் என்று இருந்தது. பதினாலு மாதமாகப் பூஜ்யம். நலத்துறையின் பக்கத்திலோ அதே காப்பகத்துக்குத் தினமும் முப்பத்தொரு குழந்தைகள் வருவதாகப் பதிவு.

இரண்டையும் ஒத்துப் பார்த்த புள்ளிவிவர அதிகாரி திகைத்துப்போனாள். காலணா இல்லாமல் முப்பத்தொரு பிள்ளைகளை எவர் பார்த்துக்கொள்வார்? இலவசக் காப்பகம் என்று பேர் வைத்துக்கொண்டு பெற்றவர்களிடம் யாரோ நன்றாகக் கறக்கிறார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டு வருவதாகப் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையே கிளம்பினாள்.

காப்பகம் துணி ஆலைக்குப் பின்னால் இருந்தது. ஷிஃப்ட்டுக்கு ஓடும் அம்மாக்கள் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடித்த நோட்டு ஒன்றை காப்பகத்து ஆயாவின் கையில் திணித்தாள். ஆயா மறுக்காமல் வாங்கி டப்பாவில் போட்டாள்.

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"தலைமை ஆபீஸ்லேருந்து வரேன். இலவசக் காப்பகத்துல எதுக்குக் காசு வாங்கறீங்க?"

ஆயா பதறவில்லை. பெரிய நாற்காலி இல்லாததால், பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டாள். டப்பாவையும் திறந்து காட்டினாள். அந்த நோட்டையும் சேர்த்து, அன்றைய பாலுக்கே போதாத காசு.

முடிந்தவர்கள் முடிந்ததைத் தருவார்களாம். பாதிப் பேருக்கு அதுவும் முடியாதாம். குறைவதற்கு ஆயாவே விடியற்காலையில் ஒரு வங்கியில் தரை துடைத்துச் சம்பாதித்துப் போடுகிறாளாம். சம்பளமும் பால் பணமும் நின்று பதினாலு மாதம் ஆகிறது என்பதை, பஸ் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

மூடிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டாள் அதிகாரி.

"மூடினா இதுங்க எங்க போகும் மேடம்? ஆலையில மெஷினுக்கு நடுவுல விளையாடும்." ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் ஆயா.

பணத்தை நிறுத்தியது எவன் என்று அதிகாரி கேட்டாள். அவனைச் சும்மா விடுவதாக இல்லை.

ஆயா அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஒரே பெயரில், ஒரே முகவரியில் இரண்டு காப்பகங்கள் பதிவாகியிருப்பதால் ஒன்று நிதிப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

"மாடியில கைக்குழந்தைங்க, அதுக்குப் பணம் வருது. கீழ நடக்கற பிள்ளைங்க. ரெண்டும் வேற வேற. அதைச் சொல்றதுக்கு நாலு தடவை ஆபீசுக்கு நடந்தேன். வாசலோட அனுப்பிட்டாங்க."

அதிகாரி கடிதத்தின் அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

அவளுடைய கையெழுத்து.

பதினாலு மாதத்துக்கு முன், இரட்டைப் பதிவுகள் என்று, இடத்தை விட்டு எழுந்திருக்காமலே ஒரே மத்தியானத்தில் பட்டியலில் நாற்பது வரிகளை அழித்திருந்தாள். இது ஒன்று. மீதி முப்பத்தொன்பதும் எங்கெங்கே இருக்கின்றனவோ?

அதிகாரி கடிதத்தை ஆயாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இது... நான் போட்ட கையெழுத்து."

ஆயா அவளை உற்றுப் பார்த்தாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று அதிகாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆயாவோ அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு நடந்துபோச்சுன்னு தெரிஞ்சதும், எங்களுக்காக இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கீங்களே மேடம்... நீங்க நல்லா இருக்கணும்."