ஆறு செடியும் மஞ்சள்

"அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வை, ஹாலிஸ். செடின்னு வந்துட்டா உனக்கு எப்பவும் அவசரம்தான்."

சொன்னவர், செடி வளர்ப்பில் கைதேர்ந்த ஃபெர்ன். வராண்டாவின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, நரைத்த பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சரிவில் பண்ணை வைத்திருக்கும் டெல்மர், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார். வாளி பாவம், முனகியது. வராண்டாவில் மெத்தை போட்ட நாற்காலியில், மடியில் போர்வையுடன் லொரேட்டா. அவருடைய கணவர் ஹாலிஸ் மட்டும் உட்காரவில்லை. தலை உயரம் வளர்ந்த ஆறு கஞ்சாச் செடிகளுக்கு நடுவே, ஆபரேஷன் அறை வாசலில் நிற்பவரைப் போல நின்றிருந்தார்.

கலிபோர்னியாவில் வீட்டுக்கு ஆறு செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று இப்போது சட்டமே சொல்கிறது. ஹாலிஸ் ஆறையும் லொரேட்டாவுக்காகத்தான் வைத்தார். எலும்புக்குள் புகுந்துகொண்ட வலி அவரைத் தூங்க விடுவதில்லை. டாக்டர் தரும் மாத்திரையோ, தூக்கத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைப் பறித்துக்கொள்ளும். கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெயும் ஒத்துக்கொள்ளவில்லை. போன குளிர்காலத்தில் சர்ச் தோழி ஒருத்தி தன் தோட்டத்துச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொடுத்தாள். அன்று லொரேட்டா விடியும்வரை தூங்கினார். எழுந்ததும் இரண்டு முட்டை கேட்டுச் சாப்பிட்டார். வசந்தம் பிறந்ததும் ஹாலிஸ் மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

இப்போது அக்டோபர். பூவெல்லாம் திரண்டு, அறுவடை நெருங்கும் நேரம் பார்த்து, ஆறு செடியும் மஞ்சள்.

"ஃபெர்னைக் கூப்பிடட்டுமா?" என்று காலையில் லொரேட்டா கேட்டபோது, "நம்ம வீட்டுக்கா? வரமாட்டா" என்றுதான் ஹாலிஸ் சொன்னார். லொரேட்டா கூப்பிட்டார். மறுமுனையில், பேசுவது யார் என்று இரண்டு தரம் கேள்வி வந்தது. பிறகு ஃபெர்ன், "மஞ்சள் மேலேர்ந்து இறங்குதா, கீழேர்ந்து ஏறுதா?" என்று கேட்டார். இதோ, டெல்மரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். டெல்மர்தான் கேட்டைத் தாண்டும்போது ஒரு தரம் தயங்கி, திரும்பித் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டார்.

"வாரக் கடைசியில மழைன்னு வேற சொல்றாங்க. செத்துப்போறதுக்குள்ள இன்னிக்கே வெட்டிட்டா என்ன?" என்றார் ஹாலிஸ்.

"வெட்டறது, பிடுங்கறது. வேற எதுவும் தோணாதா உனக்கு? தள்ளு, பார்க்கறேன்."

"மக்னீசியம் பத்தலை" என்றார் டெல்மர், வாளியிலிருந்தே.

"பார்க்காமலே சொல்றான் பாரு."

"இங்கேர்ந்தே தெரியுது."

"அங்கேர்ந்து உனக்கு உன் பூட்ஸே தெரியாது. தொப்பை மறைக்கும்."

லொரேட்டா சிரித்தார். சிரித்தால் விலா வலிக்கும். இருந்தாலும் சிரித்தார்.

ஃபெர்ன் கீழ்க்கிளையில் ஓர் இலையைத் திருப்பி வெயிலுக்குக் காட்டினார். "பூச்சி இல்ல. வலை இல்ல. புள்ளியும் இல்ல. இலை முழுசும் ஒரே சீரா வெளுத்திருக்கு." மண்ணில் விரலை விட்டு முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னத்தப் போட்ட?"

"கோழி எரு. பயந்துபோய், போன வாரம் ரெண்டு தரம்."

"குழந்தை கண்ணு சொக்கற நேரத்துல சோறு ஊட்டியிருக்க. இனிமே வெறும் தண்ணி மட்டும் ஊத்து." ஃபெர்ன் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு பூவை நெருங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லொரேட்டாவின் விரல்கள் போர்வையைப் பிடித்துக்கொண்டன.

"சொல்லு ஃபெர்ன். என்ன நோய்?" என்றார் ஹாலிஸ்.

"நோயே இல்ல. இலையில இருக்கற சத்தையெல்லாம் எடுத்துப் பூவுக்குக் குடுத்துக்கிட்டிருக்கு. கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும். நல்லா விளைஞ்ச செடி இப்படித்தான் முடிக்கும். பூ மேல இருக்கற பிசின் துளிகூட பாதிதான் பால் மாதிரி வெளுத்திருக்கு; முழுசா வெளுத்தாத்தான் அறுவடை. இன்னும் ஒரு வாரம் கையை வைக்காத."

"மழை வந்தா?"

"பூவுல பூஞ்சை புடிக்கும்" என்றார் டெல்மர். "எங்கிட்ட ரெண்டு தார்ப்பாய் சும்மா கிடக்கு. நாளைக்குக் கொண்டாரேன், கம்பு நட்டுக் கூரை போட்டுரலாம். இப்ப யாராவது என்னை எழுப்பிவிடுங்க."

ஹாலிஸ் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். துடைத்தது நெற்றியை மட்டுமல்ல என்பது லொரேட்டாவுக்குத் தெரியும்.

காபி வந்தது. லொரேட்டா எடுத்துவைத்த ஆப்பிள் கேக்கில் பாதியை டெல்மரே முடித்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை, ஹாலிஸ்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே. "இந்த மலையில உன் அளவுக்குக் கஞ்சாச் செடி மேல கை வச்சவன் ஒருத்தனும் கிடையாது. விளைஞ்சா மஞ்சளாகும்னு உனக்குத் தெரியாதா?"

ஹாலிஸ் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எப்படித் தெரியும், டெல்மர்? ஷெரீப் ஆபீஸ்ல போலீசா இருந்த வரைக்கும், உங்க ரெண்டு பேர் தோட்டத்தையும் வருஷா வருஷம் ஆகஸ்ட்லயே வேரோட பிடுங்கிட்டுப் போயிட்டேனே. அப்பல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு."