நாற்பத்தேழாம் வில்லை

பழைய மோட்டார் கம்பெனியின் கோப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கணவன் அங்கே மின்சாரம் தாக்கி இறந்ததற்கு ஈடாக அவளுக்குக் கிடைத்தது. அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பழுது பார்க்கப் போகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் எண் போட்ட பித்தளை வில்லையை அதன் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அன்றைக்கு யாரோ தொட்டார்கள். யாரென்று விசாரணைக் கோப்பில் எழுதவில்லை. கணவனின் நாற்பத்தேழாம் வில்லையை மட்டும் அந்தக் கோப்புக்குள் நூலில் கோத்துக் கட்டி வைத்திருந்தார்கள். அவ்வப்போது அதைத் தடவிப் பார்க்காவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது.

இன்று காலை கோப்பறையில் விளக்கு எரியவில்லை. மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. கைப்பிடியில் நாற்பத்தேழாம் வில்லை தொங்கியது. டார்ச் அடித்துக் கோப்பைப் பிரித்தாள். நூலில் முடிச்சு அப்படியே இருந்தது, வில்லைதான் இல்லை.

ஓய்வுபெறப் போகிற மேலாளர் பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா இருட்டுல நிக்கிறீங்க? சுவிட்சைப் போடுங்க."

"வில்லை மாட்டியிருக்கு சார். மாட்டினவங்கதான் எடுக்கணும்."

"அந்தக் காலத்துச் சட்டத்தை இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்களே. நம்ம ரெண்டு பேரைத் தவிர இங்க யாரு இருக்கா?"

யாருடையது என்றுகூடப் பார்க்காமல் வில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியை மேலே தள்ளினார்.

விளக்குகள் வரிசையாக எரிந்தன. கடைசி அடுக்குக்குப் பின்னால் யாரோ தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மேலாளர் திரும்பவில்லை. அந்தச் சத்தத்தை முன்பே ஒரு தடவை கேட்டவர்போல, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.