ஆளறிந்த இருக்கை

வானத்தில் ஒரு வெளிச்சம் வெட்டியது. அதோடு வந்த மின்காந்தத் துடிப்பில் ஊரிலிருந்த கார்களின் கம்ப்யூட்டரெல்லாம் கருகிப்போயின.

கார் எலக்ட்ரீஷியன் தன் மனைவியின் காரிலிருந்து கருகிய கம்ப்யூட்டரையும் பேட்டரியையும் கழற்றிப் பட்டறை மேசையில் வைத்தார்.

“உன் வண்டி போய்ச் சேர்ந்தாச்சு. இனி கண்ணு முழிக்காது,” என்றார் அவளிடம்.

நெட்டைக்கொக்கு என்று பெயரெடுத்த அவருடைய தொழில் கூட்டாளி உள்ளே வந்தார். “நான் ஒருநாள் ஏறிக்கூடப் பார்க்கல மச்சான், அதுக்குள்ள போயிடுச்சே,” என்று காரைத் தொட்டார்.

காரின் விளக்குகள் இருமுறை சிமிட்டின. கதவு திறந்துகொண்டது. முன்பு ஓட்டியவர்களின் உயரத்தை நினைவில் வைத்து நகரும் இருக்கை, குள்ளமான மனைவிக்குரிய இடத்திலிருந்து மெல்லப் பின்னால் போய், கொக்குக் கால்களுக்கு இடம்விட்டு நின்றது.

எலக்ட்ரீஷியன் மேசையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவள் காரை முறைத்துக்கொண்டிருந்தாள்.