ஒரே தொட்டியில் இரண்டு கெளுத்தி

"இன்னிக்கே பிரிச்சாகணும்க்கா. இல்லேன்னா ஒண்ணு செத்துடும்."

லாரி டிரைவரின் குரல் போனில் கரகரத்தது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "யாருங்க அது?" என்றது. "மீன் கடை அக்காதான்" என்று அவன் அவளுக்குப் பதில் சொன்னான். "வேற ஆள் கூட்டிட்டு வராதீங்கக்கா, நானே தூக்கி விடுறேன்" என்று வைத்துவிட்டான்.

வண்ணமீன் கடை அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அந்த இரண்டு சிவப்புவால் கெளுத்திகளையும் விரல் நீளக் குஞ்சுகளாக அவன் வாங்கிப்போன அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "வளந்தா கை நீளம் வரும் தம்பி. ஒரே தொட்டியில விட்டா ஒண்ணை ஒண்ணு கிழிச்சுடும்." கேட்டால்தானே!

பெரிய பிளாஸ்டிக் பெட்டியையும் ஈரச் சாக்கையும் வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கெளுத்திக்கு வலை ஆகாது. துடுப்பு ஓரத்து முள் மாட்டிக்கொண்டு மீனும் கெடும், வலையும் கெடும்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் அவன் மனைவி. அக்காவின் தோள் உயரம்கூட இல்லை. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"கையில என்னம்மா?"

"தட்டு உடைஞ்சுதுக்கா." சொல்லும்போதே பார்வை கணவன் பக்கம் போய் வந்தது.

அவன் சுவரோரம் நின்றிருந்தான். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், கதவை அடைக்கும் அகலம்.

"வேலைக்குப் போகலையா தம்பி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "லாரியை விட்டு இறங்கி நாலு மாசமாச்சு. வீட்லயேதான் இருக்காரு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வேலை இல்லாமல் வீட்டில் கிடக்கும் ஆம்பளை, கட்டுப்போட்ட கை. அவள் கூடப்பிறந்த தங்கையும் இப்படித்தான். தட்டு உடைந்தது, கதவு இடித்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சொல்வதற்கு அவள் இல்லை.

அக்கா தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆளுக்கொரு மூலையில் இரண்டும் படுத்திருந்தன. மீசை முழுசாக இருந்தது. துடுப்பில் ஒரு கிழிசல் இல்லை, உடம்பில் ஒரு கடி இல்லை.

"எங்க தம்பி சண்டை? ரெண்டும் சமர்த்தால்ல கிடக்கு!"

"நீங்க பாக்குறப்போ அடிச்சுக்காதுக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணையாவது கொண்டு போயிடுங்க. இப்பவே."

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பெட்டியைத் தொட்டிக்குள் சாய்த்து, பெரியதைச் சாக்கால் மெல்ல ஓட்டினாள். பாதி உடல் உள்ளே போனதும் அது வாலைச் சுழற்றி ஒரு அடி அடித்தது. தொட்டியின் மூடி தெறித்து, தரையில் படீரென்று விழுந்தது.

அவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினான்.

மலை மாதிரி ஆள், மீனுக்கு இந்தப் பயமா? அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டியின் மூடியை அழுத்திப் பூட்டினாள். வீரமெல்லாம் பொண்டாட்டிகிட்டத்தான் போலிருக்கு.

கை கழுவும் சாக்கில் அடுக்களைக்குள் போனாள். மனைவி தரை துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, என்கிட்ட மறைக்காதே," என்றாள் அக்கா கிசுகிசுப்பாக. "கீழே என் வண்டி நிக்குது. ஒண்ணும் எடுக்க வேண்டாம், உடுத்தின துணியோட வா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு சிரித்தாள். "நான் எங்கக்கா போறது? நான் இல்லேன்னா அவருக்கு ஒரு வேளை சோறு கிடையாது."

தங்கையும் இதையேதான் சொன்னாள்.

பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கம் அக்கா. தண்ணீரும் மீனுமாகச் சரியான கனம். இரண்டு படி இறங்கியிருப்பார்கள், மேலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சே நிமிஷம்!" என்றான் அவன் அவசரமாக. பெட்டி அவன் பக்கம் கிடுகிடுவென்று ஆடியது. உள்ளே மீன் அசையாமல்தான் கிடந்தது.

தெருவுக்கு வந்து பெட்டியை வேனின் பின்னால் ஏற்றியதும் அக்கா கதவை அறைந்து சாத்தினாள். இனி அடக்க முடியவில்லை.

"இங்க பாரு. மீன் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. இப்ப நான் மேல போய் அந்தப் பொண்ணைக் கையோட கூட்டிட்டு வரப்போறேன். குறுக்கே வந்தே, தெருவையே கூட்டிடுவேன்!"

அவன் குறுக்கே வரவில்லை. அண்ணாந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

சட்டென்று வேனின் முன்கதவைத் திறந்தான். அவ்வளவு பெரிய உடம்பை இரண்டாக மடித்து, இருக்கைக்குக் கீழே, வெளியே தலை தெரியாதபடி குறுகி உட்கார்ந்துகொண்டான்.

"அவ இறங்கி வர்றதுக்குள்ள வண்டியை எடுங்கக்கா!"