ரூடியின் இடம்

"துக்கத்துக்கு வர்றவங்க யாராவது பலூன் தூக்கிட்டு வருவாங்களாடா?"

ஆர்னி பல்லைக் கடித்தான். ஸ்பீக்கர் ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வெண்டல் நிமிர்ந்து பார்த்தான்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ராக் இசைக் கலைஞன் ரூடி கோவாக் முதன்முதலாக மேடையேறிய பழைய கிளப்பின் வாசல் அது. சுவரோரம் பூங்கொத்துகள், மெழுகுவத்திகள், திறக்காத பீர் கேன்கள். நடுவில் பேஸ் கிட்டாரும் கையுமாகச் சிரிக்கிற ரூடியின் படம். சுற்றிலும் கறுப்பு டீஷர்ட் போட்ட, தலை நரைத்த ரசிகர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பெண்மணி, பெரிய சிவப்பு பலூனை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

"ஏம்மா, பிறந்தநாள் பார்ட்டி அடுத்த தெருவுல!" என்றான் ஆர்னி.

நாலு பேர் சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திமிரைப் பாரு!"

"விடுடா. இன்னிக்காவது யார்கூடவும் வம்பு வளக்காம இரு."

துக்கம் வந்தால் ஆர்னிக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். வெண்டலுக்கு வேலை செய்தாக வேண்டும். அந்தக் கிளப்பின் ஒலி அமைப்பாளர் அவன்தான். ரூடி போன செய்தி வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சும்மா ஒரு பாட்டைப் போட்டு அழுதுவிட்டுப் போவதில் அவனுக்கு மனசு ஆறவில்லை.

அவன் கையாலேயே பதிவு செய்த பழைய கச்சேரி ஒன்று இருந்தது. பாடகரின் குரல், கிட்டார், ட்ரம்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் உறுமும் பேஸ் கிட்டார் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக. அதில் ரூடியின் பேஸை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் ஒலிக்கவிடுவது என்று முடிவு செய்தான்.

"அவன் இடம் காலியாவே இருக்கட்டும்டா. அவன் இல்லைங்கிறது எல்லாருக்கும் உறைக்கணும்" என்று அவன் சொன்னபோது, ஆர்னி கட்டிப்பிடித்து அழுதே விட்டான்.

பாட்டு ஆரம்பித்தது. ட்ரம்ஸ் முழங்கியது, கிட்டார் அலறியது, குரல் எழும்பியது. அடியில் மட்டும் ஒன்றுமே இல்லை. தாடி வைத்த தடியன்கள் எல்லாம் குழந்தை மாதிரி விசும்பினார்கள். நினைத்தது நடந்துவிட்டது என்று வெண்டலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பலூனை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். அடுத்த ஸ்பீக்கருக்குப் போனாள். மண்டி போட்டு, உள்ளங்கையால் பெட்டியைத் தடவினாள். பிறகு படபடவென்று அதைத் தட்டினாள். கடைசியில் எழுந்து, ஒலியை ஏற்றி இறக்கும் வெண்டலின் மிக்ஸரை நோக்கி நேராகக் கையை நீட்டினாள்.

"ஏய்! கையை எடு!"

ஆர்னி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். வெண்டல் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினான்.

"யாரும்மா நீ? ரூடியோட பாட்டு ஒண்ணாவது தெரியுமா உனக்கு?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து பேச்சு வரவில்லை.

"வெளிய அனுப்புங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது.

"விடுங்க! எங்க அக்காவை விடுங்க!"

காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்த தங்கை மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க. பிறந்ததுலேர்ந்தே."

ஆர்னியின் பிடி தானாகத் தளர்ந்தது.

"காது கேக்காதவங்களா? அப்புறம் ரூடிக்கு எப்படி ரசிகை?" என்று யாரோ கேட்டார்கள்.

"பலூனைப் பிடிச்சிருந்தா பேஸ் கைக்குள்ள அதிரும். பாடுறவர் அவளுக்குச் சும்மா வாயசைக்கிறவர்தான். கிட்டார் வந்தே சேராது. ட்ரம்ஸ் கதவைத் தட்டிட்டுப் போயிடும். உள்ள வந்து உக்காந்து பேசுறது ரூடி மட்டும்தான். இந்த ஊர்ல அவர் வாசிச்சு இவ போகாத கச்சேரியே கிடையாது. கடைசியா ஒரு தடவை அவரைக் கேட்டுடணும்னுதான் கூட்டிட்டு வரச் சொன்னா."

அக்காவின் விரல்கள் வேகவேகமாக ஏதோ பேசின.

"என்ன சொல்றாங்க?" என்றான் வெண்டல்.

"எல்லாரும் வந்திருக்காங்க, ரூடியை மட்டும் ஏன் வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு கேக்கிறா."

வெண்டல் மிக்ஸர் பக்கம் திரும்பினான். பதிவை மறுபடி முதலுக்குக் கொண்டுபோனான். பாடகரின் குரலை இறக்கினான். கிட்டாரை இறக்கினான். ட்ரம்ஸையும் இறக்கினான். ரூடியின் பேஸை மட்டும் ஏற்றினான்.

கிளப்பின் ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. அவள் பலூனில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகையோடு அழுகையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

கையில் ரூடியின் பெயரைப் பச்சை குத்தியிருந்த ஆர்னி, வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக வெண்டலின் காதருகே குனிந்தான்.

"என்னமா வாசிச்சிருக்கான்! இது எந்தப் பாட்டுடா? நான் கேட்டதே இல்லையே?"

"இவ்வளவு நேரம் நாம அழுதோமே ஆர்னி, அதே பாட்டுதான்."